எத்தனை கை?

2003-ல் சென்னையில் என் முதல் தனிக் கண்காட்சி. அப்பா கும்பகோணத்திலிருந்து ராத்திரி பஸ் ஏறி வந்திருந்தார். கூடத்தில் பதினான்கு ஓவியங்கள். வந்தவர்கள் படத்துக்கு எதிரே நின்று, இரண்டடி பின்னால் போய், தலையைச் சாய்த்துப் பார்த்தார்கள். அப்பா அப்படிப் பார்க்கவில்லை. சுவரோரமாகப் போய், படத்தின் பக்கவாட்டில் நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பரப்பின் மேல் விளக்கு வெளிச்சம் எப்படி ஓடுகிறது என்று பார்த்தார். பட்டி போட்ட சுவரில் மேடு பள்ளம் பார்க்கிற பார்வை அது. நாற்பது வருஷம் வீடுகளுக்கு வெள்ளையடித்தவர்.

"இது எத்தனை கைம்மா?" என்று கேட்டார்.

"பதினொண்ணுப்பா."

கீழ்மூலையில் ஓர் இடத்தைத் தொடாமல் விரலால் காட்டினார். "இங்க அடியில இருந்த கை காயல. அதுக்குள்ள மேல அடிச்சிட்டே. சுருங்குது பாரு."

வெள்ளையடிக்கிறவர்கள் ஒரு பூச்சை ஒரு கை என்பார்கள். இப்போது கோட்டிங் என்கிறோம். அவர் காட்டிய இடத்தில் ஏழாவது பூச்சு எண்ணெய் அதிகம் கலந்தது. மேல்தோல் மட்டும் உலர்ந்து உள்ளே பிசுபிசுப்பாக இருந்தபோதே, கண்காட்சித் தேதி நெருங்குகிறதே என்று எட்டாவதைப் போட்டுவிட்டேன். எண்ணெய் வண்ணம் தண்ணீர் வற்றுகிற மாதிரி வற்றிக் காய்வதில்லை. ஆளிவிதை எண்ணெய் காற்றிலிருக்கும் ஆக்சிஜனோடு சேர்ந்து இறுக வேண்டும், அதற்கு நாள் பிடிக்கும். அடியில் இருப்பது இன்னும் இறுகிக்கொண்டிருந்தால் மேலே இருப்பது சுருங்கும், இல்லாவிட்டால் வெடிக்கும். கல்லூரியில் படித்ததுதான், பரீட்சையில்கூட எழுதியிருக்கிறேன். அப்பா எதையும் படிக்காமல் கண்ணால் பிடித்துவிட்டார்.

அன்றைக்கு நிறையப் பேர் "இது என்ன?" என்று கேட்டார்கள். கடலா, மேகமா, மனசா என்று கேட்டார்கள். நான் ஏதேதோ சொன்னேன், எதுவும் எனக்கே ஒட்டவில்லை. அப்பாவின் கேள்விக்குத்தான் என்னிடம் நேரான பதில் இருந்தது. அதற்கப்புறம் என் வேலையை நான் அந்தக் கேள்வியை வைத்துத்தான் பார்த்துவருகிறேன்.

சின்ன வயதில் பொங்கலுக்கு முந்தைய மாதம் அப்பாவுக்கு ஓயாத வேலை இருக்கும். முதல் நாளே கிளிஞ்சல் சுண்ணாம்பைத் தொட்டியில் கொட்டித் தண்ணீர் ஊற்றுவார். அது தானாகக் கொதிக்கும். எங்களைக் கிட்டே விடமாட்டார். ஆறியதும் பழைய வேட்டியில் வடிகட்டி, சாய்ந்தால் சட்டையில் ஒட்டாமல் இருக்க வஜ்ஜிரப் பசை காய்ச்சி ஊற்றி, கடைசியாகக் கொஞ்சம் நீலம் கலக்குவார். பனைமட்டையை ஊறவைத்து நுனியை நசுக்கினால் அதுவே பிரஷ். வாளியைப் பிடித்துக்கொண்டு ஏணிக்குக் கீழே நிற்பது என் வேலை.

ஈரச் சுண்ணாம்புக்கு ஒரு குணம் உண்டு. அடிக்கும்போது அது வெள்ளையாகவே இருக்காது. பால் கலந்த தண்ணீர் மாதிரி இருக்கும். சுவரில் இருக்கிற எண்ணெய்க் கறை, போன வருஷத்து நிறம், ஆணி அடித்த ஓட்டை எல்லாம் அப்படியே தெரியும். காயக் காயத்தான் வெளுக்கும். வீட்டுக்காரம்மா வந்து பார்த்துவிட்டு, "என்னங்க, அடிச்ச மாதிரியே தெரியலையே" என்று பதறுவார். அப்பா "காயட்டும்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவார். தெரியவில்லையே என்று கெட்டியாக அடித்தால் காய்ந்ததும் பொருக்குத் தட்டி உதிர்ந்துவிடும். மெல்லிசாக மூன்று கை அடித்தால் நிற்கும். தன் கை செய்ததைத் தானே அப்போது பார்க்க முடியாத வேலை அது. நாளைக்குத்தான் தெரியும். எனக்கு ஓவியம் அங்கேதான் ஆரம்பித்தது என்று இப்போது தோன்றுகிறது. அப்போது அது சுண்ணாம்பு, அவ்வளவுதான்.

கும்பகோணம் கவின்கலைக் கல்லூரியில் எல்லோரையும் போல உருவங்கள் வரைந்தேன். தாராசுரம் கோயிலுக்குப் போய் நாள் முழுக்க உட்கார்ந்து தூண்களை வரைவோம். என்னுடன் படித்தவர்கள் குதிரையையும் யாளியையும் நாட்டியக்காரியையும் அச்சாகக் கொண்டுவருவார்கள். நான் ஒரு தூணின் இடுப்பு உயரத்தில் ஜனங்கள் கை வைத்து வைத்துப் பளபளப்பாகிப் போன பட்டையை வரைந்துகொண்டிருப்பேன். சிற்பம் எங்கே என்று ஆசிரியர் கேட்டார். அந்தக் கல்லின் மினுமினுப்பைப் பென்சிலில் கொண்டுவர முடியுமா என்பதுதான் அன்றைக்கு என் கவலை, அதை வாயால் சொல்லத் தெரியவில்லை. 1994-ல் படிப்பை முடித்துச் சென்னைக்கு வந்து, ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியை ஆனேன். தாம்பரத்தில் வீடு, மொட்டைமாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஓர் அறை. இன்றைக்கும் அதுதான் என் ஸ்டூடியோ.

1999-ல் ஆசிரியர் பயிற்சி ஒன்றுக்காக தில்லி போனபோது தேசிய நவீனக் கலைக்கூடத்துக்குப் போனேன். அங்கே வி. எஸ். கெய்தோண்டேயின் ஓவியம் ஒன்றின் முன்னால் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றேன். தலைப்பு கிடையாது. அவர் தன் பெரும்பாலான படங்களுக்குத் தலைப்பு வைத்ததில்லை. உள்ளேயிருந்து வெளிச்சம் வருகிற மாதிரி ஒரு பழுப்பு, அதில் மிதக்கிற சில திட்டுகள். கொஞ்ச நேரம் கழித்து, அப்பா மாதிரி பக்கவாட்டில் போய் நின்று பார்த்தேன். காவலாளி கிட்டே வந்துவிட்டார். ஆனால் அதற்குள் தெரிந்துவிட்டது. அந்த வெளிச்சத்தை அவர் மேலே பூசவில்லை. மேலே இருந்ததை எடுத்திருக்கிறார். பூசி, ஒற்றி எடுத்து, மறுபடி பூசி, மறுபடி எடுத்து. அடியில் இருந்த வெள்ளை எங்கெங்கே எவ்வளவு மூச்சுவிட வேண்டுமோ அவ்வளவு விட்டிருக்கிறார்.

கெய்தோண்டே 1924-ல் நாக்பூரில் பிறந்தவர், கோவாக் குடும்பம். மும்பை ஜே.ஜே. கலைப்பள்ளியில் 1948-ல் படிப்பை முடித்தார். முதலில் அவரும் உருவங்கள்தான் வரைந்தார், ஐரோப்பிய ஓவியர் பால் க்ளேயின் பாதிப்பு அந்தக் காலத்துப் படங்களில் நன்றாகத் தெரியும். ஐம்பதுகளின் கடைசியில் பிரஷ்ஷை ஓரம் வைத்துவிட்டு பெயின்ட் உருளையையும் வண்ணம் குழைக்கிற பேலட் கத்தியையும் எடுத்தார். 1964-ல் ராக்ஃபெல்லர் உதவித்தொகையில் நியூயார்க் போய் வந்தார். எழுபதுகளில் தில்லிக்குக் குடிபெயர்ந்து, நிஜாமுதீனில் ஒரு மாடியறையில் தனியாக வாழ்ந்தார். ஜென் தத்துவத்திலும் நம் திருவண்ணாமலை ரமணரிடமும் அவருக்கு ஈடுபாடு உண்டு. வருஷத்துக்கு ஐந்தாறு படங்கள்தான் செய்வார். மீதி நேரம் காத்திருப்பு. 1984-ல் விபத்தில் அடிபட்டபின் சில வருஷங்கள் பெரிய கேன்வாஸைத் தொட முடியாமல், காகிதத்தில் மையால் சின்னச் சின்ன கோட்டுச்சித்திரங்கள் மட்டும் செய்தார். 2001-ல் இறந்தார். 2013 டிசம்பரில் மும்பை ஏலத்தில் அவருடைய படம் ஒன்று 23 கோடி ரூபாயைத் தாண்டி விற்றபோதுதான் என் பள்ளி ஆசிரியர் அறையில் முதல்முறையாக அவர் பெயர் அடிபட்டது. அடுத்த வருஷம் நியூயார்க் குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் அவருடைய படங்களுக்கென்றே ஒரு பெரிய கண்காட்சி நடந்தது. போக ஆசைப்பட்டேன், முடியவில்லை.

தில்லியிலிருந்து திரும்பியதும் நான் செய்த முதல் காரியம், ஹார்டுவேர் கடையில் நான்கு அங்குல உருளை ஒன்று வாங்கியது. அப்பாவின் தொழிலில் அப்போது உருளை வந்துவிட்டிருந்தது, அவருக்கு அது பிடிக்காது. கெய்தோண்டே செய்தித்தாளையும் பத்திரிகைக் காகிதத்தையும் கிழித்து ஈர வண்ணத்தின் மேல் வைத்து ஒற்றி எடுப்பார் என்று படித்திருந்தேன். நானும் அதையே செய்தேன். முதல் வாரம் பெரிய சந்தோஷம். காகிதத்தைத் தூக்கும்போது வருகிற அந்தச் சத்தம், அடியில் தெரிகிற எதிர்பாராத நிறம், இரண்டுக்கும் நான் அடிமையாகிவிட்டேன். இரண்டாவது வாரம் கேன்வாஸை உற்றுப் பார்த்தால், வெளிர் மஞ்சள் பரப்பில் கண்ணாடியில் தெரிகிற மாதிரி திருப்பிப்போட்ட தமிழ் எழுத்துகள். பேப்பரின் மை எண்ணெயில் கரைந்து இறங்கியிருக்கிறது. கண்ணீர் அஞ்சலி விளம்பரப் பக்கம்.

பார்க்க அழகாகத்தான் இருந்தது. கண்காட்சிக்கு வைக்கலாம் என்று நண்பர்கள் சொன்னார்கள். ஆனால் சென்னையில் எழுத்தை ஓவியமாக்குவது என்றால் முன்னாலேயே கே. சி. எஸ். பணிக்கர் நிற்கிறார். 1963-ல் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையில், ஜாதகக் கட்டம் போலவும் ஏட்டுச்சுவடி போலவும் படிக்க முடியாத எழுத்தைப் பரப்பு முழுக்க ஓடவிட்டவர் அவர். அவர் தேடிப்போய் அடைந்தது. எனக்கோ பழைய பேப்பரின் கோளாறால் வந்தது. அதை என்னுடையது என்று கையெழுத்துப் போட எனக்கு மனசு வரவில்லை. மேலே வெள்ளை அடித்துவிட்டேன்.

அப்புறம் வழவழ பத்திரிகைத் தாளில் செய்தேன், எண்ணெயை உறிஞ்சாமல் வழுக்கியது. பட்டர் பேப்பர் சுருண்டது. கடைசியில் அம்மாவின் பழைய வாயில் புடவையை, மெல்லிசான பருத்திப் புடவை அது, கிழித்து வைத்துப் பார்த்தேன். துணி வண்ணத்தை மெதுவாக, ஒரே சீராக உறிஞ்சியது. எடுத்தபோது நெசவின் தடம் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் பதிந்திருந்தது. எத்தனை நேரம் விட வேண்டும் என்பதுதான் மிச்ச வேலை. இருபது நிமிஷம் விட்டால் ஒரு திரை. இரண்டு மணி நேரம் விட்டால் துணி பாதி வண்ணத்தை விழுங்கிவிடும். ராத்திரி முழுக்க விட்டால் துணி ஒட்டிக்கொண்டு பூச்சோடு சேர்ந்து உரியும். அதை மூன்று தடவை நடக்கவிட்டு, அது எந்த நேரத்தில் நடக்கிறது என்று குறித்துவைத்தேன். ஒரு நோட்டுப் புத்தகம் முழுக்க அந்தக் குறிப்புகள்தான்: தேதி, வெயிலா மழையா, எத்தனையாவது கை, எந்தத் துணி, எத்தனை நிமிஷம்.

வெயிலா மழையா என்பது சும்மா எழுதியதில்லை. தாம்பர மாடியில் மே மாதம் அக்ரிலிக் வண்ணத்தைக் கேன்வாஸில் இழுத்து முடிப்பதற்குள் பாதி காய்ந்துவிடும். அதிலிருக்கும் தண்ணீர் ஆவியானால் முடிந்தது, திரும்பக் கரையாது. நவம்பரில் அதே வண்ணம் சாயங்காலம் வரை ஈரமாகக் கிடக்கும், அதற்குள் ஒரு கொசு வந்து உட்கார்ந்துவிடும். மழைக்காலத்தில் கேன்வாஸ் பின்பக்கம் பூஞ்சை பிடிக்கும். ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் ஒருமுறை கசிவு வந்து இரண்டு வருஷ வேலை கறை பட்டுப்போனது. அதை வெளியே எடுத்து வைத்து அழுதேன், வேறென்ன செய்ய. மறுநாள் கேன்வாஸைச் சட்டத்திலிருந்து கழற்றி, சட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டேன்.

திருவல்லிக்கேணியில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற ஸ்கிரீன் பிரின்டிங் கடை ஒன்றில் மையை இழுக்கிற ரப்பர் வைத்த பதினெட்டு அங்குல ஸ்க்வீஜி கட்டை ஒன்று கிடைத்தது. ரப்பர் தேய்ந்து ஓரத்தில் பல் விழுந்துவிட்டதால் அவர்களுக்கு அது வேண்டாம். எனக்கு அந்தப் பல்தான் வேண்டும். ஈர வண்ணத்தை அதால் ஒரே இழுப்பில் இழுத்தால் பல் விழுந்த இடத்தில் மட்டும் ஒரு கோடு நிற்கும். கை நடுங்கினால் கோடு நடுங்கும், மூச்சை விட்டால் கோடு தடிக்கும். 2008-லிருந்து 2014 வரை நான் செய்ததெல்லாம் ஏறக்குறைய அந்தக் கட்டையின் வேலைதான். இப்போது அதைப் பயன்படுத்துவதில்லை. நன்றாக வர ஆரம்பித்துவிட்டது, இழுப்பதற்கு முன்னாலேயே எப்படி வரும் என்று தெரிந்துவிட்டது. அதனால் நிறுத்தினேன்.

பிழைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், இளைய ஓவியர்கள் மெயிலில் கேட்பது அதைத்தான். வருஷத்துக்கு ஏழு, எட்டு படங்கள் முடிப்பேன். விற்பது இரண்டு, மூன்று. சில வருஷம் எதுவும் இல்லை. காலரி வழியாக விற்றால் அவர்கள் பங்கு போகும், சட்டம், கேன்வாஸ், வண்டிக் கூலி போகும், மிச்சம் அடுத்த வருஷத்து வண்ணத்துக்கு. டைட்டானியம் வெள்ளையைப் பற்றி நான் கவலைப்படுவதில்லை, காட்மியம் சிவப்பு வாங்கும்போது இன்றைக்கும் கை யோசிக்கிறது. ஒருமுறை ஒரு ஓட்டல்காரர்கள் வரவேற்பறைக்கு ஆறு படம் கேட்டார்கள், நல்ல தொகை. சோபாத் துணியின் ஒரு துண்டைக் கொடுத்து இந்த நிறத்தோடு சேர வேண்டும் என்றார்கள். துணியை வாங்கிக்கொண்டு வந்து இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அந்த மாதம் வீட்டில் கஷ்டமாகத்தான் இருந்தது. பள்ளிச் சம்பளம் இல்லாவிட்டால் அந்தத் துணியைத் திருப்பிக் கொடுக்கும் தைரியம் எனக்கு வந்திருக்காது. ஆகவே வேலையை விட்டுவிட்டு முழுநேர ஓவியராகு என்று யாருக்கும் நான் சொல்வதில்லை.

இதில் எனக்குப் பெரிய ஆறுதல் அச்சுதன் கூடல்லூர். பாலக்காட்டுப் பக்கம் கூடல்லூரில் பிறந்தவர், படித்தது சிவில் எஞ்சினியரிங். சென்னையில் பொதுப்பணித் துறையில் வேலை பார்த்துக்கொண்டே மாலையில் ஓவியக் கல்லூரியின் கிளப்புக்குப் போய் வரைந்தவர். முதலில் உருவங்கள், பிறகு முழுக்க அரூபம். 1988-ல் லலித் கலா அகாதமியின் தேசிய விருது வாங்கினார். 2022-ல் காலமானார். நான் அவரிடம் பழகியதில்லை, கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாதமியில் படங்களைத்தான் பார்த்திருக்கிறேன். அவருடைய சிவப்பும் நீலமும் சத்தம் போடும், கெய்தோண்டே மாதிரி அமைதி கிடையாது. ஆனால் அந்தச் சத்தத்துக்கு அடியிலும் எத்தனையோ கை இருக்கிறது. ஆபீஸ் போய் வந்து செய்தவர் என்பதை எந்த இடத்திலும் அந்தப் படங்கள் காட்டிக்கொடுப்பதில்லை.

போன மூன்று வருஷமாக மறுபடியும் சுண்ணாம்புக்கே வந்திருக்கிறேன். கேன்வாஸில் நிற்காது, வளைந்தால் வெடித்துவிடும். அதனால் தடித்த மரப்பலகையில் சுண்ணாம்பும் மணலும் சேர்த்துப் பூசி, அதன் மேல் சுண்ணாம்பு நீரில் குழைத்த நிறங்கள். எல்லா நிறமும் சுண்ணாம்பின் காரத்தைத் தாங்குவதில்லை. காவி தாங்கும், மஞ்சள் மண் தாங்கும். முதல் மாதம் தெரியாமல் பிரஷ்யன் நீலத்தைப் போட்டேன். சாயங்காலம் ஆழமான நீலம். காலையில் மாடிக்குப் போனால் பலகை துருப்பிடித்த இரும்பு மாதிரி பழுப்பாகக் கிடக்கிறது. அந்த நீலம் இரும்பில் செய்தது, காரம் பட்டால் கலைந்து துருவாகிவிடும். அப்பாவுக்கு போன் செய்து சொன்னேன். "நம்ம சலவை நீலத்தைப் போடேன்" என்றார். அதன் பெயர் அல்ட்ராமரீன். அது காரத்தில் அசையாது. வேதியியலை நான் புத்தகத்தில் தேடிக்கொண்டிருந்தேன், அவர் எழுபது வருஷமாகப் பொட்டலத்தில் வைத்திருந்தார்.

ஆனாலும் பிரஷ்யன் நீலத்தை நான் விடவில்லை. எந்த இடம் துருவாக வேண்டும், எந்த இடம் நீலமாகவே நிற்க வேண்டும் என்று இரண்டு நீலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன். அடிக்கும்போது இரண்டும் நீலம்தான். எது எதுவாகப் போகிறது என்று பலகை ராத்திரிதான் முடிவு செய்கிறது. இதற்கு மழைக்காலம் நல்லது. சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை இழுத்து மறுபடி கல்லாக மாற வேண்டும், ஈரப்பதம் இருந்தால்தான் அது ஒழுங்காக நடக்கும். சீக்கிரம் காய்ந்தால் வெறும் மாவாக உதிரும். அதனால்தான் அப்பா வெயில் நாளில் சுவரில் தண்ணீர் தெளித்துவிட்டு அடிப்பார். இருபது வருஷம் நவம்பரைத் திட்டிக்கொண்டிருந்தவள், இப்போது வானத்தைப் பார்த்துக் காத்திருக்கிறேன்.

அப்பாவுக்கு எண்பத்து நான்கு வயது. ஏணி ஏற முடியாது, முழங்கால் போய்விட்டது. தீபாவளிக்கு வந்தபோது தம்பி கையைப் பிடித்து மெதுவாக மாடி ஏறி வந்தார். ஈரமாக இருந்த பலகையை வழக்கம்போல ஓரத்திலிருந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். எத்தனை கை என்று அவர் கேட்பதற்கு முன்னாலேயே "நாலுப்பா" என்றேன்.

"போதும்."

நேற்று ராத்திரி மழை. இன்னொரு பலகைக்கு மூன்றாவது கை அடித்து வைத்திருக்கிறேன், நான்கடிக்கு மூன்றடி. இப்போதைக்குப் பால் கலந்த தண்ணீர் மாதிரி இருக்கிறது, அடியில் இருப்பதெல்லாம் தெரிகிறது. காலையில் எழுந்ததும் அப்பா போன் செய்வார், "காஞ்சிடுச்சா?" என்று கேட்பார். போய்ப் பார்த்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும்.